தறி முடிச்சுப் போட்ட பூக்காவடி

எனக்கு எண்பத்தேழு வயது நடக்கிறது. வளர்த்தது ஏழு பேரை. அதில் ஐந்து நான் பெற்றது. மற்ற இரண்டும் என் நாத்தனார் போன பிறகு என்னிடம் வந்து சேர்ந்த பிள்ளைகள். ஏழு பேரும் நன்றாக இருக்கிறார்கள். மாடி வீடு, கார் என்று சொல்ல வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்தால் இன்னும் பேசிக்கொள்கிறார்கள், அதைச் சொல்கிறேன்.

எழுத்து எனக்கு அரைகுறைதான். பஸ் போர்டு படிப்பேன், தமிழிலும் தெலுங்கிலும். என் பேரை எழுதுவேன். அதற்கு மேல் கை போகாது. ஆகையால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். நான் பேசுகிற மாதிரியே எழுதினால் படிக்கிறவர்களுக்குக் கஷ்டமாம், அவளே புத்தகத் தமிழாக மாற்றிக்கொள்கிறாள். மாற்றட்டும். ஆனால் அந்தக் காலத்தில் யார் என்ன பேசினார்களோ அதில் மட்டும் கை வைக்காதே என்று சொல்லிவிட்டேன்.

போன வாரம் என் மருமகள் இவளைத் திட்டிக்கொண்டிருந்தாள். பாட்டு வகுப்புக்குப் போனாள், பாதியில் விட்டாள். தையல் கற்றாள், பிறகு செடி வளர்க்கிறேன் என்று மாடி முழுக்கத் தொட்டி வைத்தாள். "ஒண்ணுத்துலயும் நிக்க மாட்டேன்றா, அப்படியே உங்கள மாதிரி" என்றாள் மருமகள் என்னைப் பார்த்து. அவள் குறையாகத்தான் சொன்னாள். எனக்கு என்னவோ சந்தனம் பூசியதுபோல் இருந்தது. அதனால்தான் இதைச் சொல்ல உட்கார்ந்தேன்.

நான் பிறந்தது பொதட்டூர்பேட்டையில். வீட்டில் தறி. நடை பழகும் வயதிலேயே நூல் சுற்ற உட்கார வைத்துவிடுவார்கள். நானும் சுற்றினேன், நன்றாகவே சுற்றினேன். ஆனால் பக்கத்து வீட்டில் ஆடு குட்டி போடுகிறது என்றால் ராட்டையை விட்டு ஓடிவிடுவேன். எதிர்வீட்டுத் தெலுங்கு அம்மாள் புளிச்சகீரை வதக்குகிற வாசனை வந்தால் அங்கே நிற்பேன். பாத்திரத்துக்கு ஈயம் பூசுகிற ஆள் தெருவுக்கு வந்துவிட்டால் அவர் போகிற வரைக்கும் நான் வீட்டுக்கு இல்லை. துருத்தியை நான்தான் ஊதுவேன். அப்பாவை நாங்கள் நைனா என்போம். அவர் தறிக்குழியில் உட்கார்ந்தபடி கத்துவார்: "இவ காலுல இன்னா சக்கரமா கட்டிகீது? யாராச்சும் புடிச்சி இட்டாங்கடா!"

ஏன் அப்படி என்று கேட்டால் எனக்கு அப்போது சொல்லத் தெரியவில்லை. இப்போது தெரிகிறது. எந்த வேலையும் முதலில் கைக்குப் பிடிபடாது. விரல் திக்கும், நமக்கே நம் கை அந்நியமாக இருக்கும். பிறகு ஒரு நாள், ஏன் என்றே தெரியாது, திக்காமல் ஓடும். அந்த நாள் இருக்கிறதே, அந்த ருசிக்காகத்தான் நான் அலைந்தேன். அதற்கப்புறம் அதே வேலையை ஆயுசு முழுக்கச் செய்து மேலே மேலே போகிறவர்கள் உண்டு. அவர்களுக்கு அது ருசி. நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன். என் நைனா அப்படிப்பட்டவர்தான். அவர் நெய்த லுங்கியைக் கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே அவருடையது என்று தெரியும்.

கல்யாணமாகித் திருத்தணிக்கு வந்தேன். என் வீட்டுக்காரரும் எங்கள் ஜனம்தான், ஆனால் அவருடைய அப்பா தறியை விற்றுக் குதிரை வாங்கிவிட்டார். ஆகவே இவர் ஜட்கா ஓட்டினார், ரயிலடியிலிருந்து மலையடிவாரத்துக்கு. ஊர் அப்போது ஆந்திராவோடு இருந்தது. இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா என்று பெரியவர்கள் கூட்டம் போட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். எனக்கு இரண்டு பாஷையும் வாயில் இருந்ததால் எனக்கு அந்தச் சண்டை இல்லை.

திருத்தணி எனக்குப் பிடித்துப்போயிற்று. வருகிற போகிற ஜனம் ஓயாத ஊர். மொட்டை போடுகிற இடத்தில் சந்தனம் அரைக்க ஆள் வேண்டும் என்றால் போவேன். சத்திரத்தில் கல்யாணம் என்றால் காய் நறுக்கப் போவேன். தெலுங்குக்காரர்கள் வழி தெரியாமல் நின்றால் கூடவே நடந்து போய்ப் பேசிவிட்டு வருவேன். குதிரைக்கு லாடம் அடிப்பதைக்கூடப் பார்த்துப் பார்த்து அடிக்கப் பழகினேன். என் வீட்டுக்காரர் அதை யாரிடமும் சொல்லாதே என்றார். "பொண்டாட்டி லாடம் அடிச்ச வண்டின்னு தெரிஞ்சா எவன் ஏறுவான்?" என்று சிரிப்பார்.

அப்படி இருக்கும்போதுதான் குதிரைக்கு முன்னங்கால் வீங்கிவிட்டது. நான் பச்சிலை கட்டினேன், தவிட்டு ஒத்தடம் கொடுத்தேன். நிற்கும், நடக்காது. வண்டி ஓடாமல் வீடு எப்படி ஓடும்? விஷயம் பொதட்டூர்பேட்டைக்கு எட்டியது. என் நைனா பஸ் ஏறி வந்துவிட்டார்.

என் அண்ணன் மெட்ராஸ் மில்லுக்குப் போய்விட்டான், அவன் உட்கார்ந்த தறி சும்மா இருக்கிறது என்றார் நைனா. "ரெண்டு பேரும் அங்க வந்துடுங்க. நீ தறியில உக்காரு. மாப்பிள்ளைக்கு நான் எதனா வேல பாக்கறேன். இங்க அரை வேல, அங்க அரை வேலன்னு சுத்திகினு இருந்தா கடசியில கையில இன்னா நிக்கும்?"

"குதிர நல்லாயிடும் நைனா."

"ஆவட்டும். ஆடிக் கிருத்திக வரைக்கும் பாக்கறேன். கிருத்திகைக்கு மலைக்கு வருவேன். அன்னிக்கும் இப்படியே இருந்தா மூட்டைய கட்டிட வேண்டியதுதான்."

அவர் கெட்டதாகச் சொல்லவில்லை. ஆனால் தறிக்குழி எனக்குத் தெரியும். இடுப்பு வரைக்கும் மண்ணுக்குள் இருக்க, காலை முதல் இருட்டும் வரை கண் முன்னால் ஒரே இழை. என் நைனாவுக்கு அது கோயில். எனக்குக் குழிதான்.

மலையடிவாரத்தில் ஒரு பூக்கடை. அதை நடத்தினவரை நாங்கள் எல்லோரும் பூக்கடை அக்கா என்போம். திருவிழா நாளில் அங்கே சரம் தொடுக்கப் போவேன். அக்காவிடம் போய் என் நிலையைச் சொன்னேன். அவர் கை நிற்கவில்லை. பேசும்போதும் விரல் பூவில் ஓடிக்கொண்டே இருக்கும், அவ்வளவு நெருக்கமாகத் தொடுப்பார். இரண்டு பூவுக்கு நடுவே காற்று போகாது. என் சரம் ஒரு நாளும் அப்படி வந்ததில்லை. எனக்கு அதில் ஏக்கம் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன்.

"நெரந்தரமா வெச்சிக்கறேன். ஆனா ஒண்ணு. பூவுன்னா பூ மட்டும்தான். நடுவுல சந்தனம் அரைக்கப் போறேன், குதிரைக்குத் தவிடு வெக்கப் போறேன்னு எழுந்து ஓடக்கூடாது. இந்தக் கிருத்திகைய ஒழுங்கா தாண்டிக் காட்டு, அப்பால பாக்கலாம்" என்றார் அக்கா.

"ஆங்க்கா" என்றேன். வேறு என்ன சொல்வது? பூக்கடையில் நின்றுவிட்டால் ஊரிலாவது இருக்கலாம். குழியைவிட அது எவ்வளவோ மேல்.

ஆடிக் கிருத்திகை என்றால் எங்கள் ஊர் ஊராக இருக்காது. எங்கே திரும்பினாலும் மஞ்சள் துணி, அரோகரா, பம்பைச் சத்தம். பூக்காவடிதான் இங்கே விசேஷம். வளைத்த மரச்சட்டம் முழுக்கப் பூச்சரம் சுற்றித் தோளில் தூக்கிப் படியேறுவார்கள். மேலே போனதும் சரங்களை அவிழ்த்துச் சாமிக்குக் கொடுத்துவிட்டு வெறும் சட்டத்தோடு இறங்குவார்கள். ஆகவே காவடியில் சரத்தைக் கட்டுவதற்கு என்று ஒரு முடிச்சு உண்டு. வாழைநாரைச் சுருக்குப் போட்டு நுனியை வெளியே விடுவது. மேலே ஓர் இழுப்பு இழுத்தால் மொத்தமும் கழன்றுவிடும்.

கிருத்திகைக்கு முந்தின நாளே எங்கள் கடைக் காவடி ஒன்று ஆட்டத்தில் கழன்றுவிட்டது. எடுத்தவர் சாமி வந்து ஆடினாராம், பாதிப் படியில் சரம் அவிழ்ந்து ஜனங்கள் காலில் மிதிபட்டதாம். வந்து கடை முன்னால் நின்று சண்டை போட்டார்கள். அக்காவுக்கு முகம் கறுத்துவிட்டது.

மறுநாள் விடிந்ததும் நகரிப் பக்கத்திலிருந்து ஒரு தெலுங்குக் குடும்பம் வந்தது. ஒரு கிழவி, அவருடைய மகன், மருமகள், கைக்குழந்தை, கூட ஒரு பத்துப் பதினைந்து ஜனம். குழந்தைக்குக் காய்ச்சல் வந்து பிழைத்ததற்கு வேண்டுதல் காவடி. மகன்தான் எடுக்கிறார், பம்பை கேட்டால் ஆடுவார் என்று சொன்னார்கள். அந்தக் காவடியை என்னிடம் தள்ளினார் அக்கா.

என் மனசில் ஒன்றுதான் ஓடியது. இது கழலக்கூடாது. என் கை அதற்கு ஏற்ற முடிச்சைத் தானே தேடிக்கொண்டது. தறியில் இழை அறுந்தால் இரண்டு நுனியையும் சேர்த்து ஒரு முடிச்சுப் போடுவோம். கடுகு மாதிரி சின்னதாக இருக்கும், எவ்வளவு இழுத்தாலும் இறுகுமே ஒழிய விடாது. அந்த முடிச்சை ஈர நாரில் போட்டேன். சட்டம் முழுக்கப் போட்டேன். போட்டுவிட்டு உலுக்கிப் பார்த்தேன். ஓர் இதழ் விழவில்லை. எனக்கே என் மேல் பெருமை தாங்கவில்லை.

வெயில் ஏறிய பிறகு அந்தக் கிழவியின் உறவுக்காரர் ஒருவர் தலைதெறிக்கப் படியிறங்கி ஓடிவந்தார். மூச்சு வாங்கியபடி தெலுங்கில் கொட்டினார். பூ கழலவில்லையாம். குருக்கள் இழுத்துப் பார்த்தாராம், நான்கு பேர் இழுத்துப் பார்த்தார்களாம். கத்தியால் அறுக்கலாம் என்றால் கிழவி விடவில்லையாம். வேண்டுதல் பூவில் இரும்பு படக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். சாமி பூவை வாங்க மாட்டேன் என்கிறார், குழந்தைக்கு மறுபடி ஏதோ வரப்போகிறது என்று கிழவி மேலே உட்கார்ந்து அழுகிறாராம்.

நான் அக்காவுக்கு அதைத் தமிழில் சொல்லும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஈர நார் வெயிலில் காய்ந்தால் இறுகும். தறியில் நூல் காய்கிறதா என்ன? நான் அதை யோசிக்கவே இல்லை.

அக்கா என் விரலைப் பிடித்துப் பார்த்தார். "இன்னா முடிச்சு போட்ட?"

"தறி முடிச்சு."

"அடிப்பாவி! பூவுக்குத் தறி முடிச்சா? துணியா நெய்யற நீ?" கையை உதறினார். "போ. போயி அவுத்துக் குடு. அப்படியே போயிடு. கடைக்கு வராத."

படியேறினேன். எதிரே இறங்குகிற ஜனம், முட்டுகிற காவடி. கால் ஏறுகிறது, மனசு பொதட்டூர்பேட்டைக்கு இறங்குகிறது. சாயங்காலம் நைனா வருவார், நாளைக்குக் குழி. இப்படியே நினைத்துக்கொண்டு ஏறினேன்.

மேலே மண்டபத்தில் காவடியைக் குறுக்கே வைத்திருந்தார்கள். அதற்குப் பின்னால் மற்றக் காவடிகள் தேங்கி நின்று, ஜனம் கத்திக்கொண்டிருந்தது. மொட்டையடித்த குழந்தை அம்மா தோளில் தூங்கியது. கிழவி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தார்.

குருக்கள் என்னைப் பார்த்ததும், "நீதான் கட்டினவளா? யானையைக் கட்டற சங்கிலியை இதைவிட சுலபமா அவுத்துடலாம் போல இருக்கே!" என்றார்.

நான் முதலில் கிழவியிடம் போனேன். "பயப்படொத்து அம்மா" என்றேன், பயப்படாதீர்கள் என்று. பிறகு தெலுங்கிலேயே சொன்னேன்: இது சாமி செய்தது இல்லை, என் கை செய்தது. நான் தறி வீட்டில் பிறந்தவள். உங்கள் மகன் ஆடுவார் என்றார்கள், வழியில் ஒரு பூக்கூட விழக்கூடாது என்று தறி முடிச்சுப் போட்டுவிட்டேன். போட்டவளுக்கு அவிழ்க்கத் தெரியும். பாருங்கள்.

கிழவி முந்தானையை விலக்கினார். நான் காவடி முன்னால் உட்கார்ந்தேன். தறியில் இறுகிய முடிச்சை நாக்கில் ஈரம் தொட்டு இளக்குவோம். என் விரல் பழக்கத்தில் வாய்க்குப் போயிற்று.

"எச்சில்! எச்சில்! ஏம்மா, சாமிக்குப் போற பூம்மா அது!" என்று குருக்கள் அலறினார்.

சுற்றி நின்ற ஜனம் சிரித்துவிட்டது. எனக்கும் சிரிப்பு. குருக்களே ஒரு செம்புத் தண்ணீர் கொடுத்தார். நாரை நனைத்து, ஊறும்வரை அரோகரா சொல்லிக்கொண்டு காத்திருந்தேன். பிறகு நுனியை இழுக்காமல், முடிச்சுக்குள் பின்பக்கமாகத் தள்ளினேன். இழுத்தால் ஆயுசுக்கும் வராது, தள்ளினால் வரும். முதல் முடிச்சு விட்டது. அடுத்தது விட்டது. சரங்கள் ஒன்றொன்றாகக் கையில் வந்தன. பூ ஒன்றும் கசங்கவில்லை. குருக்கள் வாங்கிக்கொண்டு உள்ளே போனார்.

கிழவி என் இரண்டு கையையும் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நீ பூக்காரியா, தறிக்காரியா?" என்று கேட்டார்.

"ரெண்டும் பாதிப் பாதி அம்மா" என்றேன். அன்றைக்கு அப்போதுதான் அவர் சிரித்தார்.

கீழே இறங்கினால் அவர்களுக்கு இன்னொரு தொந்தரவு. சமையலுக்கு என்று கூட வந்த ஆள் கூட்டத்தில் எங்கேயோ தொலைந்துவிட்டார். காலையிலிருந்து விரதம் இருந்த ஜனம் சரவணப்பொய்கைப் பக்கம் மரத்தடியில் சோர்ந்து கிடந்தது. எனக்குத்தான் அன்றைக்கு வேலை போய்விட்டதே. புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு கல் கூட்டி அடுப்பு மூட்டினேன். பருப்பு ஏற்றினேன். அவர்கள் கொண்டுவந்த பித்தளை அண்டாவில் ஈயம் போயிருந்தது. அதில் புளி ஊற்றாதீர்கள், களிம்பு ஏறும் என்று வேறு பானை தேடி வாங்கினேன். குழந்தை மொட்டைத் தலையைச் சொறிந்து அழுதது. சந்தனம் கொஞ்சம் வாங்கி இழைத்துப் பூசினேன். மருமகளின் புடவை படியில் மாட்டிக் கிழிந்திருந்தது. இழையோடு இழை சேர்த்துத் தைத்துக் கொடுத்தேன். நடுவில் ஒரு வண்டிக்காரர் தெலுங்குக்காரர்கள்தானே என்று வாய்க்கு வந்த கூலி கேட்க, அவரோடு இரண்டு பாஷையிலும் சண்டை போட்டேன்.

திரும்பிப் பார்த்தால் என் நைனா நின்றுகொண்டிருக்கிறார். பக்கத்தில் என் வீட்டுக்காரர். எவ்வளவு நேரமாக நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. பூக்கடையில் நடந்தது அவர்கள் காதுக்கு வந்துவிட்டது, முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"கட போயிடிச்சாமே" என்றார் நைனா.

"ஆங்."

"என் முடிச்ச பூவுல போட்டியாமே."

"ஆங் நைனா."

"வுட்டுதா?"

"தண்ணி வெச்சித் தள்ளினேன். வுட்டுது."

கிழவி நைனாவுக்கும் இலை போட்டார். உட்கார்ந்து சாப்பிட்டார். நான் பரிமாறுகிறேன், நடுவில் குழந்தையைத் தூக்குகிறேன், அடுப்பில் விறகைத் தள்ளுகிறேன், கிழவி ஏதோ சொல்ல தெலுங்கில் சிரிக்கிறேன். நைனா நெய்கிற துணியைப் பார்ப்பதுபோல் கண்ணைச் சுருக்கி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கை கழுவிவிட்டு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னார்:

"மாப்பிள்ள, இவள இட்டுகினு போயி குழியில உக்கார வெச்சேன்னு வெய்யி. தறிதான் எழுந்து ஓடிப்பூடும்."

என் வீட்டுக்காரர் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

"அப்போ அண்ணன் தறி?" என்றேன். எனக்கு அது உறுத்தல்தான். சும்மா கிடக்கிற தறியைப் பார்ப்பது நைனாவுக்கு எப்படி இருக்கும் என்று தெரியும்.

"யாரனா கெடைப்பான். உக்காரத் தெரிஞ்சவனா பாத்து உக்கார வெக்கறேன்."

"பாவு நூலுக்குக் கஞ்சி போடற அன்னிக்கு ஆள் பத்தாது இல்ல, அப்போல்லாம் நான் வரேன் நைனா."

"வா. அன்னிக்கு மட்டும் வா. மறுநாளே போயிடு, என் தறிக்குப் பூச்சுருக்குப் போட்டு வெக்கப்போற."

எங்களை மூட்டை கட்டச் சொல்லாமலே பஸ் ஏறிப் போனார்.

குதிரைக்குக் கால் சரியாயிற்று. சரி என்றால் முழுசாக இல்லை, கொஞ்சம் தாங்கித் தாங்கித்தான் நடக்கும். அவசரம் இல்லாத ஜனம் எங்கள் ஜட்காவில் ஏறியது. நான் அடிவாரத்தில் அந்த மரத்தடியையே பிடித்துக்கொண்டேன். வருகிறவர்களுக்கு என்ன வேண்டுமோ அது. ஒரு நாள் சமையல், ஒரு நாள் தையல், ஒரு நாள் பேச்சுத்துணை. எதிலும் என்னைவிடக் கெட்டிக்காரர்கள் ஊரில் இருந்தார்கள். ஆனால் எல்லாம் ஒரே இடத்தில் வேண்டும் என்றால் என்னிடம்தான் வந்தார்கள்.

அடுத்த ஆடிக் கிருத்திகைக்குப் பூக்கடை அக்காவே மரத்தடிக்கு வந்தார். முகத்தை எங்கேயோ வைத்துக்கொண்டு, "ஆடற ஆளு காவடி ரெண்டு வந்திருக்குது. உன் எழவு முடிச்ச வந்து போடு. அவுக்கறதுக்கும் நீயே மேல போ" என்றார். போட்டேன். கூடவே செம்பில் தண்ணீரோடு ஏறினேன். குருக்கள் என்னைப் பார்த்ததும், "விரலை வாயில வெக்காதே" என்றார்.

என் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போனபோது வாத்தியார் அம்மாவுக்கு என்ன வேலை என்று கேட்பாராம். பெரியவன் சமையல் என்றான். அடுத்தவள் பூக்கட்டுவது என்றாள். நாத்தனார் பையன் குதிரை வைத்தியம் என்றுவிட்டான். ஒரே வீட்டுப் பிள்ளைகள் இப்படிப் பொய் சொல்லலாமா என்று வாத்தியார் கூப்பிட்டு விசாரித்தார். யாரும் பொய் சொல்லவில்லை ஐயா என்று சொல்லிவிட்டு, அவருடைய குடையில் கம்பி விட்டிருந்ததைக் கட்டிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

இவ்வளவுதான். கண்ணு, எழுதினது போதும், முதல்லேர்ந்து ஒரு தபா படிச்சிக் காட்டு. உங்க தாத்தா சிரிச்ச எடத்துல கொஞ்சம் நிறுத்திப் படி. அந்த மொச்சைக் கூடைய இப்படி நகத்து, நான் உரிச்சிகினே கேக்கறேன்.